சுவரில் படியும் மக்னோலியா: பசுமை மாறாப் பூமரத்தை எஸ்பாலியர் முறையில் வளர்க்க முழுமையான வழிகாட்டி

மரத்தை அதன் போக்கில் விட்டால் நாலாபுறமும் கிளை விடும். அவற்றில் இடமும் வலமும் போகும் கிளைகளை மட்டும் வைத்துக்கொண்டு, முன்னும் பின்னும் நீளுபவற்றை அவ்வப்போது அகற்றி, ஒரு சுவரின் மேல் தட்டையாகப் படியுமாறு பல ஆண்டுகள் பழக்கி எடுப்பதற்கு எஸ்பாலியர் என்று பெயர். தோள் என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து கிளைத்து, பிரெஞ்சு மொழி வழியாகப் பரவிய சொல் அது. 1678 முதல் 1683 வரையிலான ஆண்டுகளில் பதினான்காம் லூயி மன்னருக்காக வெர்சாயில் காய்கனித் தோட்டம் அமைத்த ழான்-பத்தீஸ்த் த லா கேந்தினி, பேரி முதலிய பழமரங்களை இப்படித்தான் மதில்களில் படியவைத்தார்.

இன்றும் இக்கலை பற்றிய பெரும்பாலான குறிப்புகள் பழமரங்களை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. அவற்றை அப்படியே பசுமை மாறாப் பூமரத்துக்குப் பொருத்தினால் இரண்டு இடங்களில் இடறும். ஆப்பிளும் பேரியும் குளிர்காலத்தில் இலை உதிர்த்து நிற்பதால் எந்தக் கிளை எங்கே போகிறது என்பது எலும்புக்கூடு போலத் தெரியும். பசுமை மாறா மரமோ ஒருநாளும் தன்னை அப்படித் திறந்து காட்டாது. ஆகவே இலை குறைவாக இருக்கும் முதல் மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் சட்டகத்தைச் சரியாக அமைத்துவிட வேண்டும். அடுத்து, ஆப்பிள் பழைய கிளைகளில் இருக்கும் குறுந்தண்டுகளில் பூக்கும். நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் மரம் தண்டின் நுனியில் மட்டுமே பூக்கும். எல்லா நுனிகளையும் வெட்டிவிட்டவருக்கு இலைச்சுவர் கிடைக்கும், பூ கிடைக்காது.

மரமும் கன்றும்

இந்த வழிகாட்டிக்கு நான் தேர்ந்துகொண்டது மக்னோலியா கிராண்டிஃப்ளோரா. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்ட இம்மரம் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே ஐரோப்பாவுக்குப் போய்விட்டது. குளிர் மிகுந்த ஊர்களில் பெரிய வீடுகளின் வெயில் படும் சுவர்களில் இதைப் படியவைப்பது அங்கே நெடுநாள் வழக்கம். பிரெஞ்சுத் தாவரவியலாளர் பியேர் மன்யோல் (1638–1715) பெயரால் வழங்கும் இப்பேரினத்தில்தான் நாம் நன்கறிந்த செண்பகமும் இன்று வைக்கப்பட்டிருக்கிறது. தோல்போல் தடித்த இலையின் மேற்புறம் எண்ணெய் பூசியது போல மின்னும். அடிப்புறம் பல வகைகளில் துருநிற மென்மயிருடன் இருக்கும். பூ விரிந்தால் இரு உள்ளங்கைகளைச் சேர்த்துக் குவித்த அளவு வரும். எலுமிச்சை மணம் கலந்த அந்த வெண்பூவைத் தொட்டுப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் விரல் பட்ட இடம் சிறிது நேரத்தில் பழுப்பேறிவிடும். தேனீக்கள் உலகில் பெருகுவதற்கு முன்பே தோன்றிய மரபு இது என்பதால் வண்டுகளே இதன் முதன்மையான மகரந்தச் சேர்க்கையாளர்கள்.

சுவருக்கு ஏற்ற வகையைக் கேட்டு வாங்குவது முக்கியம். 'லிட்டில் ஜெம்' சிறிய இலையும் நெருக்கமான வளர்ச்சியும் கொண்டது. இளமையிலேயே பூக்கத் தொடங்கிவிடும். மூன்று மீட்டர் உயரச் சுவருக்கு இதுவே என் முதல் பரிந்துரை. இரண்டு மாடி உயரத்துக்கு வெற்றுச்சுவர் வைத்திருப்பவர்கள் 'எக்ஸ்மவுத்' போன்ற பெரிய வகையை நினைத்துப் பார்க்கலாம். எந்த வகையானாலும் ஒட்டுக்கன்றாகவோ, பதியனிலிருந்தோ தண்டுத் துண்டிலிருந்தோ எடுத்த கன்றாகவோ இருக்கட்டும். விதைக்கன்று பூப்பதற்குப் பத்து ஆண்டுகளும் அதற்கு மேலும் காத்திருக்க வைக்கும்; பூவின் தரமும் எப்படி அமையும் என்று சொல்ல முடியாது.

கன்றைப் பார்க்கும்போது உயரத்தைவிட அடிப்பகுதியைக் கவனியுங்கள். ஒரு மீட்டர் முதல் ஒன்றரை மீட்டர் வரை உயரம், ஒற்றை நடுத்தண்டு, தரையிலிருந்து முழங்கால் உயரத்திலேயே தொடங்கும் பக்கக்கிளைகள், அவை பென்சில் பருமனைத் தாண்டாமல் இருத்தல் ஆகியவையே நல்ல அறிகுறிகள். மேலே குடைபோல் அடர்ந்து, கீழே மொட்டைத் தண்டாக நிற்கும் பெரிய கன்று பார்வைக்கு அழகாக இருந்தாலும் நமக்குப் பயன்படாது. முற்றிய கிளைகள் வளைவதற்குப் பதில் முறிந்துவிடும். தொட்டியிலிருந்து லேசாக உருவிப் பார்த்து, வேர் வட்டமாகச் சுற்றிக் கெட்டிப்பட்டிருந்தால் வேறு கன்று கேளுங்கள்.

சுவர்

குறைந்தது இரண்டரை மீட்டர் உயரமும் நான்கு மீட்டர் அகலமும் உள்ள சுவர் வேண்டும். குளிர் நாடுகளில் வெயில் அதிகம் படும் சுவரே நல்லது, அதாவது வடகோளத்தில் தெற்கு நோக்கியதும் தென்கோளத்தில் வடக்கு நோக்கியதும் ஆகும். பகலில் சுவர் வாங்கிய வெப்பம் இரவில் மெல்லத் திரும்பி வந்து இலையை உறைபனியிலிருந்து காக்கிறது. வெப்ப நாடுகளில் இதே நன்மை தீமையாக மாறும். பிற்பகல் வெயிலில் காயும் மேற்குச் சுவர் இலையின் ஓரங்களைக் கருக்கிவிடும் என்பதால் காலை வெயில் மட்டும் படும் சுவரே அங்கே ஏற்றது.

புதிதாகப் பூசிய சுவரானால் அதன் அடியில் கொட்டிக் கிடக்கும் காரைத் துண்டுகளையும் சிமெண்டுத் தூளையும் நடவுக்கு முன் முழுமையாக அள்ளி எடுத்துவிட வேண்டும். அவற்றிலிருந்து கசியும் சுண்ணாம்பு மண்ணைக் காரமாக்கி, வேர் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் செய்யும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை மஞ்சளாகும். மக்னோலியா அமிலத்தன்மை கொண்ட அல்லது நடுநிலையான மண்ணையே விரும்பும். சுவரில் வண்ணம் அடிக்கவோ வெடிப்பு அடைக்கவோ வேண்டியிருந்தால் அதையும் இப்போதே முடித்துவிடுங்கள், ஏனெனில் மரம் படிந்த பிறகு அந்தச் சுவரை மீண்டும் முழுதாகப் பார்க்கப் போவதில்லை.

கம்பி கட்டுதல்

கன்றை நட்டுவிட்டுக் கம்பியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். சுவரில் துளையிடும்போது கன்று இடைஞ்சலாக இருக்கும், நம் காலடியில் மண்ணும் இறுகிவிடும்.

மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியும், தலையில் வளையம் கொண்ட நீண்ட போல்ட்டுகளும் தேவை. தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் உயரத்தில் முதல் கம்பியும், அதன் மேல் 50 சென்டிமீட்டருக்கு ஒன்றாக மற்றவையும் செல்லட்டும். பழமரங்களுக்கு 30 அல்லது 40 சென்டிமீட்டர் இடைவெளி போதும். மக்னோலியாவின் இலையே ஒரு சாண் நீளம் போவதால், நெருக்கமாக அடுக்கினால் மேலடுக்கு கீழடுக்கை மூடி, கீழ்க்கிளைகள் இலை உதிர்த்து மெலிந்துவிடும். கம்பிக்கும் சுவருக்கும் நடுவே 12 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். அந்த இடைவெளி வழியாகக் காற்று ஓடினால்தான் சுவர் ஈரம் கோக்காது, இலைக்குப் பின்னால் பூச்சி கூடாரம் அடிக்காது. கிளை பருக்கவும் இடம் கிடைக்கும். ஒன்றரை மீட்டருக்கு ஒரு போல்ட் வைத்து, ஒரு முனையில் டர்ன்பக்கிள் என்னும் இறுக்குத் திருகைப் பொருத்திக் கம்பியை விறைப்பாக முறுக்கிவிடுங்கள். ஈரமான இலைகளோடு காற்றில் ஆடும் ஒரு கிளையின் பாரம் நாம் நினைப்பதைவிட மிக அதிகம்; காரை உதிரும் இடத்தில் அடித்த போல்ட் ஒரு பெருங்காற்றில் கையோடு வந்துவிடும்.

நடவு

சுவரின் அடியை ஒட்டியே நடக்கூடாது. அங்கே மழைநீர் விழுவது குறைவு, அடித்தளமும் வேரைத் தடுக்கும். சுவரிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளிக் குழி எடுத்து, கன்றின் தலை சுவரை நோக்கிச் சற்றே சாயும்படி நடுங்கள். குழியின் ஆழம் வேர்ப்பந்தின் உயரம் அளவே இருக்கட்டும். அகலம் அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கலாம். நடுவதற்கு முன் குழியில் தண்ணீரை நிரப்பிப் பாருங்கள். மறுநாள் காலையிலும் தேங்கி நின்றால் அந்த இடத்தில் மண்ணை மேடாக்கி நட வேண்டும், அல்லது வேறு இடம் பார்க்க வேண்டும்.

மக்னோலியாவின் வேர் சதைப்பிடிப்பானது, எளிதில் ஒடியக்கூடியது; பிடுங்கி நடுவதை அது பொறுத்துக்கொள்ளாது. ஆகவே இடத்தை ஒரே தடவையில் முடிவு செய்துவிடுங்கள். தண்டு வேராக விரியும் இடம் மண்மட்டத்துக்கு மேலே தெரிய வேண்டும். எடுத்த மண்ணோடு இலைமட்கு கலந்து நிரப்பி, நன்றாகத் தண்ணீர் விட்டு, ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் கனத்தில் மூடாக்கு (மண்ணை மூடும் சருகு அடுக்கு) போடுங்கள். தண்டைச் சுற்றி ஒரு கையகலம் மட்டும் வெறுமையாக இருக்கட்டும். வேர்கள் மேலாகவே பரவுவதால் பின்னாளில் அந்த வட்டத்துக்குள் மண்வெட்டி போடக்கூடாது.

முதல் ஆண்டு: இரண்டு கைகள்

முதல் கம்பியின் உயரத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் கீழே, இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றுமாக இரண்டு இளங்கிளைகளைத் தேடுங்கள். கம்பிக்குச் சற்றுக் கீழிருந்து தொடங்கும் கிளை மெல்லிய வில்லாக வளைந்து கம்பியில் அமரும். சரியாகக் கம்பி மட்டத்திலேயே தொடங்கினால் கணுவில் கூர்மையான மடிப்பு விழுந்து பிளக்கும். இரண்டும் நேருக்கு நேர் இருக்க வேண்டியதில்லை. அந்த உயரத்தில் கிளையே இல்லையென்றால், வசந்தத் துளிர்ப்பின் தொடக்கத்தில் நடுத்தண்டை அந்த இடத்தில் ஒரு மொட்டுக்கு மேல் வெட்டிவிட்டு, வெடித்து வரும் துளிர்களில் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒன்று மேலே போகும், இரண்டு பக்கங்களுக்குப் போகும்.

தேர்ந்தெடுத்த கிளைகளை அன்றே கம்பியில் படுக்கவைக்க வேண்டாம். ஒரு மூங்கில் குச்சியை 45 பாகைச் சாய்வில் கம்பிகளோடு கட்டி, கிளையை அந்தக் குச்சியோடு கட்டுங்கள். வளரும் பருவம் முழுவதும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை குச்சியைச் சற்றுத் தாழ்த்திக்கொண்டே வந்து, பருவம் முடியும்போது கம்பியில் அமர்த்திவிடலாம். இப்படிச் செய்வதன் காரணம், நுனி மொட்டில் உருவாகும் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி கீழ்நோக்கி இறங்கிப் பக்க மொட்டுகளை அடக்கி வைக்கிறது. கிளை நிமிர்ந்திருக்கும்வரை இந்த அடக்குமுறை வலுவாக இருந்து நீளம் கூடும். படுத்துவிட்டால் அது தளர்ந்து, நீள்வது குறைந்து, மேற்புற மொட்டுகள் விழித்துக்கொள்ளும். ஆக, முதலில் நீளம் வேண்டும், பிறகு படுக்கை.

இதே விதி இரு கைகளையும் சமமாக்கவும் உதவும். ஒரு பக்கம் நோஞ்சானாக இருந்தால் அதன் குச்சியை மட்டும் உயர்த்திவிட்டு, வலுத்த பக்கத்தைத் தாழ்த்துங்கள். ஒரே பருவத்தில் வித்தியாசம் தெரியும். கிளை கம்பியில் அமர்ந்த பிறகும் அதன் நுனியில் ஒரு சாண் நீளத்தை நிமிர்த்தியே கட்டுங்கள். நுனி கிடைமட்டத்துக்குக் கீழே தொங்கிவிட்டால் வளர்ச்சி அங்கேயே நின்று, வளைவின் முதுகிலிருந்து நேர்க்குத்தாக நீர்ப்போத்துகள், அதாவது பூக்காமல் வேகமாக நீளும் தண்டுகள், கிளம்பும்.

வளைப்பதற்கு என்று ஒரு கைப்பக்குவம் உண்டு. தண்டின் தோல் இன்னும் பச்சையாக, நகத்தால் கீறினால் ஈரம் தெரியும் பருவத்தில்தான் தொட வேண்டும். பழுப்பேறிய தண்டு வளைவது போல நடித்துவிட்டு ஒடியும். காலை நேரத்தில் தண்டு நீர் நிரம்பி விறைத்திருக்கும், பிற்பகலில் சற்றுத் துவண்டிருக்கும் என்பதால் நான் பிற்பகலில்தான் வளைக்கிறேன். இடக்கையின் கட்டைவிரலைக் கிளை பிரியும் கவட்டின் மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலக்கையால் ஒரு விரற்கடை அளவு தள்ளிப் பிடித்து, சாவியைத் திருப்புவது போல லேசாக முறுக்கியபடியே இறக்க வேண்டும். நாருக்குள் சிறு முறுமுறுப்பு கேட்டால் அங்கேயே நிறுத்தி, அந்த நிலையில் கட்டிவிட்டு, அடுத்த வாரம் தொடருங்கள்.

அடுத்தடுத்த அடுக்குகள்

இரண்டாம் ஆண்டில் நடுத்தண்டு இரண்டாவது கம்பியைத் தாண்டும்போது அதே வேலையை மீண்டும் செய்யுங்கள். ஆண்டுக்கு ஓர் அடுக்கு போதும். நடுத்தண்டு வேகமாக ஏறுகிறது என்ற மகிழ்ச்சியில் ஒரே ஆண்டில் மூன்று அடுக்குகளைக் கட்டினால் மேலடுக்கே எல்லாச் சத்தையும் இழுத்துக்கொள்ளும். கீழடுக்கு அதன் பிறகு ஒருநாளும் தேறாது. முதலடுக்கின் கைகள் இரண்டும் ஒரு மீட்டரைத் தாண்டும்வரை நடுத்தண்டின் நுனியைக் கிள்ளி அடக்கி வைப்பது நல்லது. உறங்கும் மொட்டை எழுப்ப அதற்கு மேலே பட்டையில் சிறு கீறல் போடும் உத்தியை ஆப்பிள் வளர்ப்போர் கையாளுகிறார்கள். மக்னோலியாவின் காயம் மெதுவாகவே ஆறும் என்பதால் நான் அதைச் செய்வதில்லை. கிளை வராத இடத்தை வெற்றிடமாக விட்டு, மேலடுக்கிலிருந்து ஒரு கிளையை இறக்கி மூடுவது மேல். கணிதக் கோடுபோல் நேர் அடுக்குகளை இம்மரத்திடம் வற்புறுத்துவதைவிட, விசிறிபோல் சற்று மேல்நோக்கிய கைகளை அனுமதித்தால் அது இணக்கமாக வளரும் என்பது என் கருத்து. கடைசிக் கம்பியை அடைந்ததும் நடுத்தண்டை ஒரு பக்கமாக வளைத்து அமர்த்திவிடலாம்.

கட்டு

சணல் கயிறு, கிழிந்த பனியன் துணிப் பட்டை, நெகிழும் ரப்பர் குழாய் ஆகியவை நல்லவை. கிளையையும் கம்பியையும் நேராகச் சேர்த்து இறுக்காமல், இடையில் ஒரு குறுக்குச் சுற்று வருமாறு எட்டு வடிவில் கட்டினால் கிளை கம்பியில் உராயாது. ஒருமுறை அவசரத்தில் பிளாஸ்டிக் உறை போட்ட மெல்லிய கம்பியால் கட்டிவிட்டு மறந்துவிட்டேன். அடுத்த ஆண்டு பார்த்தபோது பட்டை இருபுறமும் உதடுபோல் புடைத்து அந்தக் கம்பியை விழுங்கியிருந்தது. அதை எடுக்கவும் முடியவில்லை. சில மாதங்களில் வீசிய காற்றில் அந்தக் கை சரியாக அந்த வளையத்திலேயே முறிந்து தொங்கியது. அந்தப் பக்கத்தின் இரண்டாம் அடுக்கு இன்றும் குட்டையாகத்தான் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை எல்லாக் கட்டுகளையும் தொட்டுப் பார்த்துத் தளர்த்துங்கள்.

கவாத்து

சட்டகம் அமைந்த பிறகு ஆண்டுதோறும் வரும் வேலை இதுதான். பெரிய வெட்டுகளை வசந்தத்தில் துளிர்ப்பு தொடங்கும் நேரத்தில் செய்தால் காயம் விரைவில் மூடும். குளிர் நாடுகளில் இலையுதிர்காலத்துக்குப் பிறகு கத்தரியை எடுக்கவே வேண்டாம். அப்போது கிளம்பும் இளந்துளிர் பனியில் கருகிவிடும்.

சுவரை நோக்கிப் போகும் துளிரை விரல்நீளம் வளர்வதற்குள் கையாலேயே கிள்ளி எறியுங்கள். நேராக நம்மை நோக்கி நீளும் கிளைகளில் தடித்தவற்றை அடியோடு நீக்கி, மெல்லியவற்றை மட்டும் பூவுக்காக விடலாம். படுத்த கைகளின் முதுகிலிருந்து எழும் நீர்ப்போத்துகளில், வெற்றிடத்தை மூட உதவக்கூடியவற்றைப் பச்சையாக இருக்கும்போதே வளைத்துக் கட்டிவிட்டு, மீதியை எடுத்துவிடுங்கள்.

பூக்கும் குறுங்கிளைகளை எப்படி நடத்துவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். வேலி வெட்டும் கத்தரியால் முழுச் சுவரையும் சீராக மழித்தால் எல்லா நுனிகளும் ஒரே நாளில் போய்விடும். அகன்ற இலைகள் பாதியாக வெட்டுண்டு ஓரம் பழுப்பேறி நிற்பது வேறு, கண்ணுக்கு ஆகாது. அதற்குப் பதிலாகக் கவாத்துக் கத்தரியோடு நின்று, குறுங்கிளைகளை மனத்துக்குள் மூன்று பங்காகப் பிரித்து, மிக நீண்டுவிட்ட ஒரு பங்கை மட்டும் அடியில் இரண்டு இலைகள் விட்டு வெட்டுங்கள். மற்ற இரண்டு பங்கும் அந்த ஆண்டு பூக்கும். வெட்டிய பங்கு புதிதாகத் துளிர்த்துத் தன் முறைக்குக் காத்திருக்கும். பூத்து முடிந்த தண்டுகளில் அளவு மீறியவற்றைக் கோடையில் லேசாகக் குறைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர், உரம், நோய்

முதல் இரண்டு ஆண்டுகள் மழையில்லாத வாரங்களில் வாரம் ஒருமுறை 15 முதல் 20 லிட்டர் வரை, சுவருக்கு எதிர்ப்புறமாக, மெதுவாக ஊற விடுங்கள். வேர் வெளிநோக்கி ஓட அது வழிகாட்டும். உரமாக வசந்தத்தில் மக்கிய தொழு உரம் ஒரு கூடை போதும். தழைச்சத்து மிகுந்த உரத்தைக் கொட்டினால் கையளவு தடித்த நீர்ப்போத்துகள்தான் பரிசாகக் கிடைக்கும்.

வசந்தத்தில் பழைய இலைகள் மஞ்சளாகி உதிர்வதைக் கண்டு பதற வேண்டாம். ஓரிலை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டுப் புதியதற்கு இடம் விடுவது இம்மரத்தின் இயல்பு. இலை மேல் கரும்பூசணம் படிந்து, எறும்புகள் தண்டில் ஏறி இறங்கினால், கிளைகளில் செதில் பூச்சி ஒட்டியிருக்கிறது என்று பொருள். சோப்புக் கரைசலில் நனைத்த பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்துவிட்டு, எஞ்சியவற்றுக்குத் தோட்டக்கலை எண்ணெய் தெளிக்கலாம். வெப்பமான சுவரில் இலைகள் புள்ளி புள்ளியாக வெளுத்தால் சிலந்திப்பேனாக இருக்கும். மாலையில் இலையின் அடிப்புறத்தில் படுமாறு தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெரும்பாலும் குறையும்.

மக்னோலியாவுக்குப் பதில் வேறு மரமானால்

சட்டகம் அமைக்கும் முறை மாறாது, கவாத்துக் காலம் மாறும். சசாங்குவா கமேலியாவின் கிளைகள் மிக நன்றாக வளையும். சிறிய சுவருக்கு அதைவிடப் பொருத்தமானது அரிது. ஆனால் இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் பூக்கும் அது கோடையிலேயே மொட்டு கட்டிவிடுவதால், பூ முடிந்ததும் துளிர்ப்புக்கு முன் கவாத்தை முடித்தாக வேண்டும். பாட்டில் பிரஷ் மரத்தில் பூங்கொத்து வாடியவுடன் அதற்குச் சற்றுப் பின்னால் வெட்டலாம்.

ஏற்கெனவே சுவரை விட்டு ஒரு மீட்டர் முன்னால் வந்துவிட்ட பழைய மக்னோலியாவைக் கையில் பெற்றவர்கள் அதை ஒரே ஆண்டில் ஒடுக்க முயல வேண்டாம். முதல் வசந்தத்தில் இடப்பாதியின் முன்கிளைகளை அடியோடு எடுத்து, வெளிச்சம் படும் பழந்தண்டில் புதுத்துளிர் வருவதைப் பார்த்து, அவற்றைக் கம்பியில் கட்டுங்கள். வலப்பாதியை அடுத்த ஆண்டும், மேலே மிஞ்சியதை அதற்கடுத்த ஆண்டும் எடுத்துக்கொண்டால் மூன்று வசந்தங்களில் மரம் மீண்டும் சுவருக்குத் திரும்பிவிடும். இடையிலுள்ள ஒவ்வோர் ஆண்டும் வெட்டாத பகுதியில் பூவும் இருக்கும்.